கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஓட்டு

விழுப்புரத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர், கோலியனூரையும் வளவனூரையும் தாண்டியதும் மதகடிப்பட்டில் தமிழ்நாட்டை விட்டு வெளியே போய்விடுகிறார். திருபுவனை வரை புதுச்சேரி மாநிலம். கண்டமங்கலம் வந்தால் மறுபடியும் விழுப்புரம் மாவட்டம். அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது, அதற்குள் இத்தனை தடவை எல்லை மாறுகிறது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. சாராயக் கடை எங்கே ஆரம்பிக்கிறது, பெட்ரோல் எங்கே விலை குறைகிறது என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்கு மரியாதை கிடையாது. ஒரே ஜாதிகள், ஒரே சாமிகள், ஒரே நெல்லு, ஒரே பேச்சு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

ஆனால் அந்தக் கோடு ஏறக்குறைய எண்பது வருஷம் வேறு ஒன்றையும் பிரித்து வைத்திருந்தது. அது ஓட்டு. 1871இலிருந்து திருபுவனையில் ஏர் ஓட்டிய ஒரு குடியானவர் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப ஓட்டுப் போடலாம். அவருக்கு மச்சான் முறை ஆகிற வளவனூர்க்காரருக்கு எந்த நாடாளுமன்றத்துக்கும், எந்தச் சட்டசபைக்கும் ஓட்டு இல்லை. சொந்த நிலமே இல்லாத வளவனூர் கூலிக்காரர் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1952 ஜனவரியில். கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு அந்த உரிமை வந்து அப்போது எண்பது வருஷம் ஆகியிருந்தது.

இன்றைக்கும் அந்த வித்தியாசம் முழுசாகப் போய்விடவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடாளுமன்றம் ஸ்ட்ராஸ்பூர்கில் கூடுகிறது. பல நாடுகள் சேர்ந்து, ஒவ்வொரு நாட்டு மக்களும் நேரடியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்களைக் கொண்டு நடத்தும் அவை அது. 2024 ஜூன் 9ஆம் தேதி பிரான்சு அந்த அவைக்கு 81 பேரைத் தேர்ந்தெடுத்தது. அதற்காகப் புதுச்சேரியிலும் ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் நம்ம ஊர் ஜாடையில் இருக்கும், வீட்டில் தமிழ் பேசும் பிரெஞ்சுக் குடிமக்கள். இது எப்படி வந்தது என்று கேட்டால் கதையை 1848இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1848இல் பாரீஸில் ராஜாவை விரட்டிவிட்டு இரண்டாவது குடியரசு வந்தது. அடிமை முறையை ஒழித்த அதே ஏப்ரல் மாதத்தில் காலனிகளுக்கும் பிரதிநிதித்துவம் கொடுத்தார்கள். பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் இடம். யாருக்கு ஓட்டு என்று விளக்கிய உத்தரவில் ஒரு வினோதமான சலுகை இருந்தது. செனெகல் மக்களும் இந்தியக் குடியேற்றங்களின் மக்களும் ஐந்து வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்ததைக் காட்டினால் போதும், பிரெஞ்சுக்காரர் என்பதற்கு வேறு ரூஜு தேவையில்லை என்றது அது. குடிமகனா இல்லையா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு ஓட்டை மட்டும் கையில் கொடுத்த மாதிரி. மூன்றாம் நெப்போலியன் வந்ததும் காலனிகளின் இடங்களைப் பிடுங்கிக்கொண்டார். 1871இல் மூன்றாவது குடியரசு திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கும் குறைவான ஜனம். அதற்கு ஒரு கீழவை உறுப்பினர். சில வருஷத்தில் ஒரு செனட்டரும் சேர்ந்தார்.

இதன் பெருமையை அளக்க ஓர் ஒப்பீடு. லண்டன் பாராளுமன்றத்தில் இந்தியாவுக்கு என்று ஓர் இடம்கூட எப்போதும் இருந்ததில்லை. தாதாபாய் நௌரோஜி 1892இல் உள்ளே போனார் என்றால், அவரை அனுப்பியது லண்டனில் இருக்கும் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதி வெள்ளைக்கார வாக்காளர்கள், அதுவும் ஐந்தே ஓட்டு வித்தியாசத்தில். பம்பாய்க்கும் சென்னைக்கும் அதில் சம்பந்தமே இல்லை. புதுச்சேரியில் நிலைமை நேர் எதிர். இங்கே ஓட்டுப் போட்டவர்கள் தமிழர்கள். போனவர்கள்தான் தமிழர்கள் இல்லை.

அந்த இரண்டாவது பாதியை நம்ம ஊர் வரலாற்றுப் பேச்சுகளில் சுலபமாக விட்டுவிடுகிறோம். 1871இலிருந்து முதல் ஐம்பது வருஷத்தில் பிரெஞ்சிந்தியாவின் பேரில் பாரீஸ் கீழவையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை. பியேர் அலிப் என்பவர் 1881இலிருந்து 1898 வரை பதினேழு வருஷம் இருந்தார். பின்னால் போல் புளூய்சேன் என்ற பத்திரிகைக்காரர். கப்பலில் ஒரு மாசம் போக வேண்டிய ஊருக்குத் தன் செலவில் போய் உட்கார நம்மவர் யாருக்கும் வசதி இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது கடலுக்கு அந்தப் பக்கம், ஓட்டைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது இந்தப் பக்கம் என்பதுதான் நடைமுறை.

கட்டிக் கொடுத்தவர்களில் பெரிய ஆள் ஷண்முக வேலாயுத முதலியார். 1880களிலிருந்து சுமார் கால் நூற்றாண்டு புதுச்சேரி அரசியல் அவர் வீட்டுத் திண்ணையில் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. வைதிகர். ஜாதி ஆசாரத்தில் பிரெஞ்சுக்காரன் கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி ஜெயித்தது குடியரசு கொடுத்த சர்வஜன வாக்குரிமையை வைத்து. பாரீஸில் அதைக் கொடுத்தவர்கள் சமத்துவம் வரும் என்று நினைத்தார்கள். இங்கே அது ஆசாரத்துக்குக் காவல் போட்டது. கிராமத்தில் ஓட்டு என்பது நாட்டாமை சொன்ன பக்கம் விழும் சீட்டு. செத்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள், ஊரில் இல்லாதவர்கள் போட்டார்கள். தேர்தல் என்றால் தடியடி, தலை உடைப்பு. ஓட்டுச் சாவடி கிராமத்துக்குள் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே யார் நுழைய முடியும் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும் ஊர்கள் எங்கள் பக்கத்தில் போன தலைமுறை வரைக்கும் இருந்தன. 1880களில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க ஆவணக் காப்பகம் தேவையில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு ஜோடி செருப்பிலிருந்து ஆரம்பிக்கிறது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் 1873இல் ஐரோப்பிய உடையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார்கள். கழற்ற மறுத்தார். தண்டனை விதித்தார்கள். பாரீஸில் இருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்து வந்தார். அதோடு நிற்கவில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குக் கீழ் வரும் உரிமை வேண்டும் என்று அவரும் கூட்டாளிகளும் கேட்டார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி அரசாணை அதைக் கொடுத்தது. பதிவாளர் முன்னால் போய்த் தன் பழைய தனிநபர் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ ஆனார். இப்படிச் செய்தவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பெயர், துறந்தவர்கள்.

துறந்தவர்களில் வக்கீல்கள் கொஞ்சம் பேர்தான். பதிவேட்டில் வரிசையாக நின்றவர்களில் கணிசமானவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள், கிறிஸ்தவர்கள். ஒரு கையெழுத்தில் பறையர் வீட்டுப் பையன் சட்டத்தின் முன்னால் துரைக்குச் சமம் ஆகிறான் என்பது விழுப்புரம் சேரியில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இதில் முதலியாருக்கு என்ன கவலை என்றால், உள்ளூர் ஆட்சி மன்றங்களில் ஓட்டு ஜாதகம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல், இரண்டுக்கும் ஏறக்குறையச் சமமான இடங்கள். துறந்தவன் ஐரோப்பியர் பட்டியலில் நுழைந்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். 1884இல் அவர்களுக்கென்று மூன்றாவது பட்டியல் போட்டார்கள். 1899இல் அதையும் கலைத்து, தகுதி நிரூபித்த சொற்பம் பேரை ஐரோப்பியரோடும் மற்றவர்களை இந்தியரோடும் சேர்த்தார்கள். சட்டத்தில் சமம், பட்டியலில் பழைய இடம். ஓட்டுரிமையைப் பறிக்காமலே அதை ஒன்றுமில்லாமல் ஆக்க எத்தனை வழி இருக்கிறது என்பதற்கு 1884, 1899 இரண்டு ஆணைகளையும் பாடமாக வைக்கலாம்.

புதுச்சேரியில் மதிப்பு இல்லாத அந்தக் கையெழுத்துக்குச் சைகோனில் மதிப்பு இருந்தது. கொச்சின் சீனாவுக்கு, அதாவது இன்றைய தெற்கு வியட்நாமுக்கு, 1881இலிருந்து பாரீஸில் ஓர் இடம். அங்கே வியட்நாமியருக்கு ஓட்டு இல்லை, பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும்தான். அந்தக் குடிமக்கள் பட்டியலில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போலீசிலும் சுங்கத்திலும் வரி ஆபீசிலும் வேலைக்குப் போன ரெனோன்சான்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரர்களே சில ஆயிரம் பேர் இருந்த ஊரில் தமிழர் ஓட்டு மொத்தமாக ஒரு பக்கம் விழுந்தால் உறுப்பினர் மாறிவிடுவார். சைகோன் பத்திரிகைகள் இந்த ‘இந்திய வாக்காளர்’களைத் திட்டாத தேர்தல் இல்லை. அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வழக்கு மேல் வழக்கு நடந்தது. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு தமிழர், தான் பிறக்காத நாட்டில், அந்த நாட்டு ஜனத்துக்கு இல்லாத உரிமையோடு, வேறு கண்டத்தில் இருக்கும் அவைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று வியட்நாமியர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இந்தக் காலத்துத் தேர்தல் ஒன்றை நாம் வேறு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம். 1910இல் போல் ரிஷார் என்பவர் தேர்தல் வேலையாகப் புதுச்சேரிக்கு வந்தார், அரவிந்தரைச் சந்தித்தார். 1914இல் தானே வேட்பாளராக நிற்க மறுபடியும் வந்தார். கூட வந்த மனைவி மீரா, பின்னாளில் ஆசிரமத்தின் அன்னை. ரிஷாருக்கு அரவிந்தரின் ஆதரவு இருந்தது, ஓட்டுதான் இல்லை. புளூய்சேன் ஜெயித்தார். பாரதியும் அந்த இரண்டு தேர்தல் சமயத்திலும் புதுச்சேரியில்தான் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் சுதந்திரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஓட்டு இல்லை, தெருமுனையில் சீட்டை நீட்டி ஒரு வேளைச் சோறும் ரெண்டு தம்ளர் சாராயமும் வாங்கிக்கொண்டவருக்கு இருந்தது. அவர் பிரிட்டிஷ் பிரஜை, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் ஓட்டு உருப்படியானது. 1945இல் பட்டியல் பிரிவினையை ஒழித்தார்கள். பெண்களுக்கும் ஓட்டு வந்தது. அந்த வருஷம் தெய்வ ஜீவரத்தினமும், 1946 நவம்பரில் லம்பேர் சரவணனும் பாரீஸ் போனார்கள். கடைசியில் உள்ளூர்க்காரர்கள். அதற்குள் தில்லியில் வேறு காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. 1947க்குப் பிறகு சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரர், ராமசாமி ரெட்டியார். அவர் பிறந்த ஊரிலிருந்து பிரெஞ்சு எல்லை ஒரு மாட்டு வண்டிப் பயணத் தூரம். 1949இல் சுங்க உடன்பாடு முறிந்ததும் அந்த எல்லையில் நிஜமாகவே முள்வேலி மனநிலை வந்துவிட்டது. எங்க ஆயா சொல்லும், “அரிசி மூட்டைய அக்கா வூட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு நாலு எடத்துல பதில் சொல்லணும்” என்று.

1951 ஜூனில் சரவணனை எதிர்த்து நின்றவர் எதுவார் குபேர். பிரெஞ்சுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். நிர்வாகம் அவர் பின்னால் நின்றது. குபேருக்கு விழுந்தது தொண்ணூறாயிரம் ஓட்டுக்கு மேல். பதவியில் இருந்த சரவணனுக்கு விழுந்ததைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. அவ்வளவு பேர் ஒரே ஆளுக்குப் போட்டார்கள் என்று பாரீஸில்கூட யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் தேர்தல் செல்லும் என்றார்கள்.

இங்கேதான் ஐரோப்பா கதைக்குள் வருகிறது. நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஆறு நாடுகள் சேர்ந்து ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவரும் ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு தேசிய அவை 1951 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அந்த அவையில் புதுச்சேரிக்கு இடம் இருந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி 1952 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பூர்கில் கூடிய பொது அவைதான் இன்றைய ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் விதை. உறுப்பினர்களை அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள் தங்களுக்குள்ளிருந்து அனுப்பின. 1954 ஆகஸ்ட் 30ஆம் தேதி, பொதுவான ஐரோப்பிய ராணுவம் அமைக்கும் திட்டத்தை அதே பிரெஞ்சு அவை 319க்கு 264 என்று தோற்கடித்தது. அந்த நாளில் புதுச்சேரி உறுப்பினர் குபேர் பிரான்சின் பக்கத்திலேயே இல்லை. மார்ச் மாசமே கட்சி மாறி, எங்கள் விழுப்புரம் எல்லையை ஒட்டிய நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றித் தற்காலிக அரசு நடத்திக்கொண்டிருந்தார். தொண்ணூறாயிரம் ஓட்டு கொடுத்த ஜனத்தை அவர் கேட்டாரா என்றால், இல்லை.

யாருமே கேட்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு உறுத்தும் விஷயம். 1946ஆம் வருஷத்துப் பிரெஞ்சு அரசியல் சட்டம், ஒரு நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க அங்குள்ள மக்களின் சம்மதம் வேண்டும் என்றது. சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 7,473 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 114 பேர் வேண்டாம் என்றார்கள். புதுச்சேரியில் அப்படி நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூர் பக்கம் கீழூரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. மக்களைக் கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, மாறியிருக்காது. ஆனால் 1871இலிருந்து யார் யாருக்கோ ஓட்டுப் போட்டுவந்த திருபுவனைக் குடியானவர், தன் நாடு எது என்ற ஒரே பெரிய கேள்விக்கு மட்டும் ஓட்டுப் போடவில்லை. கீழூரில் நினைவுத் தூண் இருக்கிறது. வருஷா வருஷம் கொடி ஏற்றுகிறார்கள், பேச்சு நடக்கும். இதைப் பற்றி மட்டும் பேச்சில் வராது.

அதற்குப் பின் நடந்தது இன்னும் விசித்திரம். பாரீஸில் இடம் போயிற்று, தில்லியில் இடம் வரவில்லை. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு அவை உடனே அங்கீகரிக்காமல் இழுத்தடித்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் அது அமலுக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் வந்த பிறகே மக்களவையில் புதுச்சேரிக்கு ஓர் இடம். நடுவில் அந்த ஏழெட்டு வருஷம் எந்த நாடாளுமன்றத்திலும் அவர்களுக்காகப் பேச ஆள் கிடையாது.

ஒப்பந்தத்தில்தான் இன்றைய ஐரோப்பிய ஓட்டின் வேர் இருக்கிறது. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜை தானாகவே இந்தியக் குடிமகன் ஆகிவிடுவார். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்றால் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிறந்து விழுப்புரத்தில் குடியேறியவருக்கும் இதே விதி. பிரான்சிலோ வியட்நாமிலோ இருந்தவர் எதுவும் எழுதாவிட்டால் பிரெஞ்சாகவே நீடிப்பார். அந்த ஆறு மாசத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கியவர்கள், ‘சொல்தா’ என்று புதுச்சேரியில் சொல்வார்களே, அவர்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள், பழைய ரெனோன்சான் குடும்பங்கள். சேதி தெரிந்தவர்கள், சுருக்கமாகச் சொன்னால். தெரியாதவர்களின் பேரன்கள் இன்றும் சொல்வது: “எங்க தாத்தா அன்னிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார்னா!” பூர்வீக நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்ற கதையை எந்தக் குரலில் சொல்வார்களோ அதே குரலில்.

*

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நேரடித் தேர்தல் முதலில் நடந்தது 1979 ஜூனில். ஒன்பது நாடுகள், 410 இடங்கள், பிரான்சுக்கு 81. ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு வந்த சிமோன் வெய் தலைவரானார். இந்த அவைக்கு ஒரு குறை ஆரம்பத்திலிருந்து இன்றுவரை உண்டு. சட்ட முன்வடிவைத் தானாகக் கொண்டுவர முடியாது. ஆணையம் கொண்டுவருவதைத் திருத்தலாம், மறுக்கலாம், பட்ஜெட்டை நிறுத்தலாம். நம் ஊர் ஆள் கேட்டால் “அப்ப அது எதுக்கு?” என்பார். ஆனால் திருத்துவதும் மறுப்பதும் சின்ன விஷயம் இல்லை. 2024 ஏப்ரலில் புகலிடம், குடியேற்றம் பற்றிய புதிய விதிகளை அந்த அவைதான் நிறைவேற்றியது. எல்லையில் யாரை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

கடல் கடந்து இருப்பவருக்கு இந்த ஓட்டு உண்டா என்பதை ஒன்றியம் ஒரே மாதிரி தீர்க்கவில்லை, ஒவ்வொரு நாட்டிடமும் விட்டுவிட்டது. விட்டதன் விளைவுகள் கோர்ட்டுக்குப் போயின. ஜிப்ரால்டர் பிரிட்டனின் கையில், ஒன்றியத்தின் சட்டமும் அப்போது அங்கே செல்லுபடியானது, ஆனால் அங்கிருந்தவர்களுக்கு ஐரோப்பிய ஓட்டு இருக்கவில்லை. மேத்யூஸ் என்பவர் வழக்குப் போட்டார். 1999இல் மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 2004இல் ஜிப்ரால்டரை இங்கிலாந்தின் தென்மேற்குத் தொகுதியோடு ஒட்டவைத்தார்கள். அரூபா தீவு நெதர்லாந்தின் பகுதி. அப்போது நெதர்லாந்துக் குடிமகன் நியூயார்க்கில் இருந்தால் ஐரோப்பிய ஓட்டு இருந்தது, அரூபாவில் இருந்தால் இருக்கவில்லை. இந்தக் கிறுக்குத்தனத்துக்கு நியாயம் சொல்ல முடியுமா என்று 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் கேட்டது. நெதர்லாந்தால் சொல்ல முடியவில்லை.

பிரான்சு இதில் கொடுப்பதும் பிடுங்குவதுமாக 1848இன் பழக்கத்தை விடவில்லை. 1979இலிருந்து வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் தூதரகத்தில் ஓட்டுப் போட்டார்கள். 2003இல் நாட்டை எட்டு வட்டாரத் தொகுதிகளாகப் பிரித்தபோது, வெளிநாட்டில் இருப்பவர்களை எந்த வட்டாரத்திலும் சேர்க்கவில்லை. 2004லும் 2009லும் புதுச்சேரியில் ஐரோப்பிய ஓட்டுப்பெட்டி கிடையாது. நடுவில் 2005 மே மாதம் ஐரோப்பிய அரசியல் சட்டம் வேண்டுமா என்று பிரான்சு மக்களைக் கேட்டது. அதில் புதுச்சேரிக்காரர் ஓட்டுப் போடலாம்! உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை, அவையின் அஸ்திவாரச் சட்டத்தை நிராகரிக்க உரிமை உண்டு. பிரான்சு நிராகரித்தது. 2011இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுக்காரர்களைப் பாரீஸ் வட்டாரத்தோடு சேர்த்தார்கள், 2014இல் ஓட்டு திரும்ப வந்தது. 2019இலிருந்து நாடு முழுவதும் ஒரே தொகுதி.

இதில் எங்கள் மாவட்டத்துக்கும் நேரடியான பங்கு இருக்கிறது. ஆரோவில் இருப்பது பெரும்பாலும் வானூர் தாலுக்காவில், விழுப்புரம் மாவட்டத்தில். அங்கே குடியிருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் சில நூறு பேருக்கும் புதுச்சேரித் தூதரகம்தான். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் தபாலில் போடலாம். அதற்குப் பக்கத்து வீட்டு இத்தாலியர் விமானம் ஏறித் தன் ஊருக்குப் போனால்தான் உண்டு. மூன்று பேருக்கும் ஒரே நாடாளுமன்றம், தண்ணீர் வரும் குழாய்கூட ஒன்று.

புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளம் சேர்ந்த தூதரகப் பட்டியலில் நாலாயிரத்துக்கு மேல் வாக்காளர்கள். 2024 ஜூன் 9 ஞாயிற்றுக்கிழமை. மொத்தம் 38 பட்டியல்கள் போட்டியிட்டன. பிரெஞ்சு முறையில் பொத்தானும் கிடையாது, விரலில் மையும் கிடையாது. ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனிக் காகிதம், ஒவ்வொன்றிலும் 81 பேர். சிலவற்றை எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போய் ஒன்றை மட்டும் உறையில் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் இட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் இந்தப் பட்டியலில் இருக்கிறான். தாத்தா சொல்தா. “81 பேர்ல ஒருத்தன் மூஞ்சிகூடத் தெரியாதேடா, எதுக்குப் போடற?” என்று கேட்டேன். “இங்க நிக்கிறவன் மூஞ்சி தெரிஞ்சு உனக்கு இன்னா ஆச்சு?” என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “பொண்ணு துலூஸ்ல கீறா. அவ கலருக்கு அங்க எவன் எப்படிப் பாக்கறாங்கறது இந்த ஓட்டுல கீது” என்றான்.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. 2012இலிருந்து 2017 வரை இந்தியாவில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாரீஸ் அவையில் உறுப்பினராக இருந்தவர் தியெரி மரியானி. வெளிநாட்டுவாழ் பிரெஞ்சுக்காரர்களின் 11ஆவது தொகுதி அது, ஆசியாவும் ஓசியானியாவும் கிழக்கு ஐரோப்பாவும் சேர்ந்தது. அதே மரியானி 2019இல் லு பென் கட்சியின் பட்டியலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். குடியேறிகள் வேண்டாம் என்பதுதான் அந்தக் கட்சியின் மூலதனம். சைகோனில் ‘இந்திய வாக்காளர்’களைத் திட்டிய பத்திரிகைகளின் பாஷையை அதன் மேடைகளில் இன்றும் கேட்கலாம்.

ஜூன் 9ஆம் தேதி அந்தக் கட்சி 31 சதவீதத்துக்கு மேல் வாங்கி முதலில் வந்தது. அன்று இரவே மக்ரோன் தேசிய அவையைக் கலைத்தார். புதுச்சேரிக்காரர்கள் மூன்று வாரத்தில் மறுபடியும் தூதரகத்துக்குப் போக வேண்டியதாயிற்று, ஜூன் 30ஆம் தேதி ஒரு சுற்று, ஜூலை 7ஆம் தேதி இன்னொரு சுற்று. அதற்கு முன் ஏப்ரல் 19ஆம் தேதி தில்லி மக்களவைக்குப் புதுச்சேரியும் விழுப்புரமும் ஓட்டுப் போட்டிருந்தன. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஒத்துக்கொள்வதில்லை என்பதால் என் நண்பனுக்கு அதில் வேலை இல்லை. அவன் மனைவி திண்டிவனத்துப் பெண், இந்தியக் குடிமகள். அவள் ஏப்ரலில் போனாள், அவன் ஜூனில் இரண்டு தடவையும் ஜூலையில் ஒரு தடவையும் போனான். அவளுடைய தங்கையைக் கொடுத்திருப்பது விக்கிரவாண்டி பக்கம். அங்கே இடைத்தேர்தல் வந்து, ஜூலை 10ஆம் தேதி அவளும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.